டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஐந்து பொட்டு

முதல் நாள், ஆம்பூருக்குள் நுழைவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. பெரிய மழை ஒன்றும் இல்லை. கோயம்புத்தூரில் இதைத் தூறல் என்று சொல்லிவிட்டுக் குடை எடுக்காமல் கடைக்குப் போய்வருவோம். ஆனால் முன்னால் போன லாரி ஒன்று பள்ளத்தில் கிடந்த தண்ணீரை வாரி எங்கள் வண்டியின் முகத்தில் அடித்தது. வண்டி நான்கு முறை இருமியது. பிறகு அடங்கிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் என் மனைவி சரசு.

என்ன சொன்னாள் என்று கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. நாற்பத்தெட்டு வருட அனுபவத்தில், ஏதாவது ஒன்றை நிச்சயம் சொல்லியிருப்பாள்.

எனக்கு எழுபத்தேழு வயது. வண்டிக்கு அதில் பாதிக்கு மேல். இன்றைய கார்களில் இல்லாத ஓர் உறுப்பு இதில் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் என்பார்கள். கவிழ்த்து வைத்த டம்ளர் போல ஒரு கறுப்பு மூடி, அதன் தலையில் ஐந்து ஒயர்கள். நடு ஒயர் வழியாக மின்சாரம் உள்ளே வரும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கை அதை மற்ற நான்கு ஒயர்களுக்கும் முறைவைத்துப் பரிமாறும், பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவரைப் போல. மூடிக்குள் ஈரம் புகுந்துவிட்டால் பந்தி கெட்டுவிடும். சாம்பார் இலையில் விழாமல் பக்கத்து இலைக்கும் தரைக்கும் ஓடும். வண்டி நிற்கும்.

இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாங்கள் இந்தப் பயணம் கிளம்பியதே இந்த மூடியால்தான். சரசுவிடம் மட்டும் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லியிருந்தேன்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஆய்வுக்கூடத் தலைவனாக இருந்தேன். இந்த வண்டி அப்போது கம்பெனி வண்டி. ஓட்டியவர் அற்புதராஜ். ஒரு மழை நாளில், வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்திருந்த ஒருவரைச் சென்னை விமான நிலையத்துக்கு அழைத்துப் போகும்போது வண்டி நடு ரோட்டில் நின்றது. அவர் விமானத்தைத் தவறவிட்டார். அந்தக் கோபத்தில் ஆர்டரையும் வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டார். அற்புதராஜுக்கு வேலை போயிற்று. குடித்துவிட்டு வண்டியைக் கவனிக்காமல் விட்டார் என்று பெயரும் வந்தது. அவர் குடிப்பவர் அல்ல. வண்டி நின்றது என்னால். அது அன்று மாலையே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சில வருடம் கழித்துக் கம்பெனி இந்த வண்டியைக் கழித்தபோது நானே வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் மைலேஜ் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

போன மாதம் என்னிடம் வேலை பார்த்த பழைய உதவியாளர் ஒருவர் நலம் விசாரிக்கப் போன் செய்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அற்புதராஜ் வேலூர்கிட்ட கணியம்பாடி பக்கம்தான் சார் இருக்காரு. நல்லாத்தான் இருக்காரு. அந்தக் குடிகாரன்ற பேர்தான் இன்னும் போவல." அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

கோவையில் ரோட்டோரம் ஒரு கார் நின்றால் நான்கு பேர் வந்து, "என்னங்க ஆச்சுங்க" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஆம்பூரில் பதினான்கு பேர் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தீர்ப்புத்தான் சொன்னார்கள்.

"பெட்ரோல் வரல."

"பேட்டரி காலி."

"இன்னாது, பேட்டரியா? ஆரன் அடிக்குது பாரு. பாயிண்ட் போயிருக்கும்."

"பெரியவரே, இத்த இன்னும் ஓட்டறீங்களா நீங்க?"

ஷூ தைக்கும் கம்பெனியில் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள் சிலர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒதுங்கி நின்று சரசுவிடம், "ஆயா, நீங்க ஏன் மழையில நிக்கறீங்க, எங்க பஸ்ல ஏறி உக்காருங்க," என்றார்கள். சரசு ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். அந்த பஸ் கிளம்பிவிடுமோ என்று எனக்குக் கொஞ்ச நேரம் பயமாக இருந்தது.

கடைசியில் பதினான்கு பேரும் சேர்ந்து வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் கரீம் பாய் என்பவருடைய ஷெட்டில் விட்டார்கள். அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறந்தவர் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டு கிளிப்பை நெம்பி அந்த மூடியைக் கழற்றினார், உள்ளே ஊதினார், என்னிடம் நீட்டினார்.

"பாருங்க சார். வேர்த்திருக்குது."

உள்ளே பனி படிந்ததுபோல் ஈரம்.

"இது சின்ன விசயம். ஆனா பேஜார் புடிச்ச விசயம்," என்றார். துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தார். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஈரம் அதில் போய்க் குடியேறிவிடுமாம். விரிசல் இல்லை. உள்ளே ஈரத்தை அண்டவிடாத ஒரு திரவத்தை மெல்லிசாக அடித்தார். ஒயர்கள் நுழையும் ஐந்து வாயிலும் விரல் நுனியால் சிலிக்கான் கிரீஸ் தடவினார். பிறகு தோல் கம்பெனியில் ரசாயனத் தொட்டிக்குள் கைவிடுகிறவர்கள் போடும் ரப்பர் கையுறை ஒன்றை எடுத்தார். ஐந்து விரல் நுனியையும் கத்தரித்தார். ஐந்து ஒயர்களையும் விரலுக்கு ஒன்றாக உள்ளிருந்து வெளியே இழுத்து, கையுறையை மூடியின் மேல் மாட்டிவிட்டார்.

நான் முதுகலை வேதியியல் படித்தவன். மனிதனுக்கு ஐந்து விரல் இருப்பது பிளக்குக்குப் போகும் நான்கு ஒயருக்கும் காயிலிலிருந்து வரும் நடு ஒயருக்கும் சரியாக வரும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"கீழ டைட்டா கட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"கட்டுனா உள்ள இருக்கற ஈரம் எங்க போவும்? நீங்க போர்வைய முழுசா போத்திட்டுத் தூங்குவீங்களா? மூச்சு முட்டும் இல்ல? மேல மூடணும், கீழ வுடணும்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓஸ் புடிச்சு இன்ஜின கழுவறதுதான் சார் பெரிய தப்பு. ஆயுத பூஜ வந்தா போதும். மொத நாள் எல்லாரும் இன்ஜினுக்கே எண்ண தேச்சுக் குளிப்பாட்டுவாங்க. மறுநாள் என் ஷெட்டு வாசல்ல வரிசையா நிப்பாங்க. தோஸ்துங்கதான், திட்டவும் முடியாது."

"பொட்டு வைப்பார்களே, அது?"

"அது வெளில வெப்பாங்க. பானெட்டுல, ஸ்டீரிங்ல. அதனால இன்னா? இந்தக் கேப்பத் தொறந்து உள்ள போய் எவனும் வெக்க மாட்டான். அந்த அளவுக்கு முட்டாளு இந்த ஊர்ல கெடையாது."

நான் மழையைப் பார்த்தேன்.

சாப்பிடப் போனோம். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் போனால் பதினான்கு பேரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று பட்டது. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் புளிப்பான கத்திரிக்காய். சரசு சைவம். அந்தக் கத்திரிக்காயை மட்டும் ஒரு கிண்ணம் வாங்கித் தயிர் சாதத்தோடு சாப்பிட்டுவிட்டு, கோயம்புத்தூரில் யாருக்கும் கத்திரிக்காயே செய்யத் தெரியவில்லை என்றாள். அங்கே எங்கள் வீட்டில் கத்திரிக்காய் செய்பவள் அவள்தான்.

மாலையில் வேலூர். பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். வரவேற்பில் இருந்தவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பேஷண்ட் யாரு?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை."

"பரவால்ல சார், சும்மா சொல்லுங்க. ஆபரேஷனா, செக்கப்பா? ஆபரேஷன்னா லிஃப்ட் பக்கத்துல ரூம் தர்றேன்."

"செக்கப்தான்," என்றாள் சரசு, என்னைக் காட்டி. லிஃப்ட் பக்கத்தில் அறை கிடைத்தது. எதிர் அறையில் இருந்த வங்காளி அம்மா அன்றும் மறுநாளும் என்னைப் பார்த்தபோதெல்லாம் நெஞ்சில் கைவைத்துப் பிரார்த்தித்தார்.

இரண்டாம் நாள் விரிஞ்சிபுரம் போனோம். முந்தின நாள் கடந்து வந்த பாதையிலேயே திரும்பிப் போக வேண்டும். அங்கே சுவாமிக்கு வழித்துணை நாதர் என்றும் பெயர். பாலாற்றுக் கரையில் இருக்கிறார். பாலாற்றில் அபூர்வமாகத் தண்ணீர் இருந்தது. அதைப் பார்க்க மேம்பாலத்தில் ஆட்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நொய்யலில் எங்களுக்கும் இதே கதைதான் என்பதால் நாங்களும் நிறுத்திப் பார்த்தோம். கையுறை மாட்டிய வண்டி இம்முறை ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

அர்ச்சனை முடிந்து சரசு தொன்னையில் சந்தனமும் குங்குமமும் வாங்கி வந்தாள். நேராக வண்டியிடம் போனாள்.

"வெளியே மட்டும் வை," என்றேன்.

"வெளியே வைக்காம? உள்ளயா வைப்பாங்க?"

நான் கோயில் மதிலோரம் உட்கார்ந்தேன். இனி மறைக்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டேன்.

அந்த வருட ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் எல்லா இயந்திரங்களுக்கும் பொட்டு வைத்தார்கள். தோல் சுற்றும் பெரிய மரப் பீப்பாய்களுக்கு, கொழுப்புச் சீவும் இயந்திரத்துக்கு, என் ஆய்வுக்கூடத்துத் தராசுக்குக்கூட. அற்புதராஜ் கிறிஸ்தவர். வண்டியைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்திவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். "வண்டிக்கு நான் வைக்கிறேன்," என்று முன்னால் போனேன். மற்றவர்கள் எல்லாம் பானெட்டில் வைக்கிறவர்கள். நான் அறிவியல் படித்தவன் இல்லையா. இயந்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று காட்ட வேண்டும். எல்லாரும் போன பிறகு பானெட்டைத் திறந்து, கிளிப்பை எடுத்து, மூடியைக் கழற்றி, பொறி பாயும் நான்கு முனைகளுக்கும் நடுவிலும் குழைத்த சந்தனமும் மேலே குங்குமமுமாக ஐந்து பொட்டு வைத்து மூடினேன். காய்ந்திருந்த வரைக்கும் வண்டி ஓடியது. மறுநாள் மழை ஈரம் ஏறியதும் ஐந்து பொட்டும் இளகி ஒன்றாகக் கலந்துவிட்டது. மின்சாரத்துக்கு அதுவே ராஜபாட்டை. மாலையில் வண்டியை இழுத்துவந்து போட்ட பிறகு நானே போய்த் திறந்து பார்த்தேன். கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டையைத் துவைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

சரசு தொன்னையோடு வண்டியில் ஏறினாள். வேலூர்க் கோட்டை கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"நம்ம பொண்ணுக்கு அம்மை போட்டப்போ வேப்பிலை பறிச்சுக் கொண்டுவந்து குடுத்த ஆளு அவரு," என்றாள். கொஞ்சம் கழித்து, "பிரசாதம் என் மடியிலேயே இருக்கட்டும். நீங்க வண்டிகிட்டப் போகாதீங்க," என்றாள். அன்று மதியம் அவள் எனக்குச் சாப்பாடு வாங்கித் தரவில்லை. தானும் சாப்பிடவில்லை. மாலையில் இருவரும் பசி தாங்காமல் ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் கணியம்பாடி. வயலும் வேர்க்கடலையும் நடுநடுவே புது மாடி வீடுகளும். விசாரித்தவுடன் வீடு காட்டினார்கள். "கிரேஸ் சிஸ்டர் வூடா? அதோ பச்ச கேட்டு." அற்புதராஜ் வீடு எது என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்.

அவரே கேட்டைத் திறந்தார். எழுபது தாண்டிவிட்டது, முடி முழுக்க வெள்ளை. என்னைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்த்தார்.

"அட, நீ இன்னும் இருக்கியா," என்றார். வண்டியிடம். பிறகு என்னிடம், "வாங்க சார். அம்மா, வாங்க," என்றார்.

வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் அவர் காபி கொடுப்பார், காபி குடித்த பிறகு எனக்குத் தைரியம் போய்விடும் என்று தெரியும். பொட்டைச் சொன்னேன். கைக்குட்டையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"சந்தனமா," என்றார். "நான் இத்தன வருசமா கண்டென்சரு போச்சுனு நெனச்சிட்டிருந்தேன்." ஏதோ ஒரு நெடுநாள் கணக்குக்கு விடை கிடைத்தவர் போல இருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "சார், என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். அவகிட்ட சொல்லுங்க."

அவள் என்றால் அவர் மனைவி கிரேஸ். ஓய்வுபெற்ற நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் அற்புதராஜ் கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தாராம். அவர்கள் சபைக் கோயிலில் முழங்கால் போட்டு, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் கிரேஸ் கழுத்து நீட்டினாராம். அந்தச் சத்தியம் உடைந்துபோனது என்று முப்பத்தைந்து வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார். ஆம்பூரில் எந்தத் தொழிற்சாலையும் அற்புதராஜை வேலைக்கு எடுக்கவில்லை. வேலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டினார், பிறகு பள்ளி வேன். தினமும் வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் நின்று மனைவியின் முகத்துக்கு நேராக "ஹா" என்று மூச்சு விட வேண்டும். அதற்குப் பிறகுதான் உள்ளே. "நேத்து கூட," என்றார். "கிரேஸோட அண்ணன் அதுலேர்ந்து என்னோட ஒரு வார்த்த பேசல சார். எம் பொண்ணு கல்யாணத்துக்கு வந்து, எல்லார் கையும் புடிச்சுட்டு என்னத் தாண்டிப் போய்ட்டாரு."

கிரேஸ் சிஸ்டர் வந்தார். ஒல்லியான, நேரான அம்மாள். வெள்ளைச் சேலை கட்டாவிட்டாலும் கட்டியிருப்பது போலவே நின்றார். நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சந்தனத்துல காரு நிக்குமா?" என்றார்.

"நிற்கும் அம்மா. ஈரம் சேர்ந்தால் மின்சாரம் பாயும்."

"இவர் போன் பண்ணி உங்கள வரச் சொன்னாரா?"

"நான் எங்கடி போன் பண்ணேன்?" என்றார் அற்புதராஜ். "சார் நம்பரே என்கிட்ட கெடையாது."

"ரெண்டு ஆம்பளைங்க சேந்து, வயசான காலத்துல கத கட்டிட்டு வந்திருக்கீங்க. நாப்பது வருசம் வார்டுல பாத்தவ நான். சாவப்போற நேரத்துல எல்லாரும் நல்லவங்களா ஆயிடுவாங்க."

"நான் சாகப்போவதில்லை அம்மா. லாட்ஜில்தான் அப்படி நினைக்கிறார்கள்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வண்டி வாசலில் நிற்கிறது. மூடி இருக்கிறது. சந்தனம் சரசுவின் மடியில் இருக்கிறது. கண்ணால் பார்த்தால் நம்புவார்.

அற்புதராஜ்தான் மூடியைக் கழற்றினார். விரல்கள் கிளிப் இருக்கும் இடத்துக்குத் தாமாகவே போயின. கையுறையைப் பார்த்து, "இது யாரு கை?" என்றார். சரசு முகத்தைத் திருப்பிக்கொண்டு தொன்னையை நீட்டினாள். நான் சந்தனத்தை நீர் விட்டுக் குழைத்து நான்கு முனைக்கும் நடுவுக்கும் பொட்டு வைத்தேன்.

"அன்னைக்கும் இப்டியேதான் வெச்சீங்களா சார்?"

"இதைவிட அழகாக வைத்தேன்."

மூடினோம். சாவியைத் திருப்பினேன். வண்டி உடனே கிளம்பியது. புது வண்டி போல் ஓடியது. அப்படி ஓடி நான் பார்த்து வெகுகாலம் ஆயிற்று.

"ஈரம் வேணும்," என்றார் அற்புதராஜ். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றினார். கையுறை அதைப் பக்கவாட்டில் வழித்துவிட்டது. வண்டி ஓடியது. கையுறையைக் கழற்றினோம். இன்னொரு சொம்பு. கரீம் பாயின் கிரீஸ் ஐந்து வாயையும் பிடித்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே அவர் அடித்த திரவத்தின் மேல் சந்தனம் ஒட்டாமல் சறுக்கி ஓரமாக ஒதுங்கியிருந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி ஓடியது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள்.

"இன்னா சார், காரு நல்லாத்தானே ஓடுது?" என்றார் ஒருவர்.

"அதான் பிரச்சன," என்றார் அற்புதராஜ்.

"நின்னு தொல, மூதேவி," என்று நான் வண்டியைத் திட்டினேன். இரண்டு நாட்களாக நிற்காதே நிற்காதே என்று வேண்டிக்கொண்டு வந்தவன் நான்.

கிரேஸ் சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். "முடிஞ்சுதா?" என்றார். "நிக்கல இல்ல? வாங்க, வந்ததுக்கு ரெண்டு அட சாப்ட்டுட்டுப் போங்க." உள்ளே திரும்பினார். அற்புதராஜ் வெறும் சொம்போடு நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அம்மா," என்றேன். "ஒன்று பாக்கி இருக்கிறது."

சரசுவிடம்கூட அதை நான் சொல்லியிருக்கவில்லை. விரிஞ்சிபுரத்து மதிலோரத்திலும் வாய் வரவில்லை.

"முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'டிரைவர் குடித்திருந்தானா?' நான் அன்று விடியற்காலையிலிருந்து அற்புதராஜின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரே பிளாஸ்க்கில் இரண்டு பேரும் காபி குடித்தோம். வண்டி நின்றபோது மழையில் என்மேல் குடை பிடித்தார். குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். 'தெரியவில்லை' என்று சொன்னேன். இல்லை என்று சொன்னால், பின்னே வண்டி ஏன் நின்றது என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பயந்து தெரியவில்லை என்றேன். மிச்சத்தை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்."

என் பின்னால் சரசு ஒரு மூச்சை இழுத்து விட்டது கேட்டது.

கிரேஸ் சிஸ்டர் திரும்பி வந்தார். என் முகத்தை வெகு நேரம் பார்த்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி.

"இத மொதல்லயே சொல்லக் கூடாது? வண்டிய எதுக்குப் போட்டு நனைச்சீங்க?"

"நம்புகிறீர்களா?"

"சந்தனக் கதைய யாரு வேணா சொல்லலாம். இத ஒருத்தர் சும்மா வந்து சொல்ல மாட்டாங்க." பிறகு கணவரைப் பார்த்தார். "அப்ப இத்தன வருசம் நான் மோந்து மோந்து பாத்தேனே, ஒரு நாளாச்சும் கோவப்பட்டியா நீ? சண்ட போட வேண்டியதுதானே?"

அற்புதராஜ் சொம்பைக் கீழே வைத்தார். "அதுக்காச்சும் கிட்ட வர்றியேன்னு வுட்டுட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் இருமினார். கிரேஸ் சிஸ்டர் உள்ளே போய்விட்டார். அடுப்பில் தோசைக்கல் வைக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கேழ்வரகு அடையும் வேர்க்கடலைச் சட்னியும். சரசு மூன்று சாப்பிட்டாள். எனக்கு இரண்டு வைத்தார்கள். மூன்றாவது கேட்கும் நிலைமையில் நான் இல்லை. கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பவில்லை. இன்ஜின் சூட்டில் ஆவியான தண்ணீர், ஆறியதும் மூடிக்குள்ளேயே வேர்த்துவிட்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே சந்தனம் கரைந்து ஒரே குழம்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, நின்றுவிட்டது," என்று மகிழ்ச்சியோடு கூப்பிட்டேன்.

கிரேஸ் சிஸ்டர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "அதான் நம்பிட்டேனே. இனிமே அது நின்னா இன்னா, ஓடுனா இன்னா. எவ்ளோ நேரம் ஆவும்?"

"தொடச்சுக் காயவெக்க அர மணி," என்றார் அற்புதராஜ்.

"அப்ப நீங்க இங்க வாங்க," என்று என்னைக் கூப்பிட்டார். கையில் போன். "எங்க சித்தி. காட்பாடியில இருக்காங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சித்தியிடம் சொன்னேன். அடுத்து அற்புதராஜின் பெண், பெங்களூரில். அடுத்து சபை ஐயர், அவர்கள் பாதிரியார். அவர் முடிவில் எனக்காக ஜெபம் செய்தார். நான்காவது அழைப்பில் எனக்கு நா வறண்டுவிட்டது. கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். பக்கத்தில் நின்ற கிரேஸ் சிஸ்டர் என் தோளைத் தட்டினார்.

"அந்தத் 'தெரியவில்லை'ய வுட்டுட்டீங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். குடை பிடித்ததை ஒருமுறை மறந்தேன், சரசு எடுத்துக்கொடுத்தாள். இரண்டு பேரும் கூட்டணி சேர்ந்துவிட்டார்கள்.

கடைசியாக ஒரு எண்ணைப் போடுவதற்கு முன் கிரேஸ் சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார். சேலைத் தலைப்பால் போனைத் துடைத்தார். "எங்க அண்ணன். குடியாத்தம்," என்று கொடுத்தார்.

அவருக்கு எண்பது இருக்கும். காது மந்தம் போலிருக்கிறது. நான் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. என் முட்டாள்தனத்தையும் என் கோழைத்தனத்தையும் அவ்வளவு உரக்க நான் சொன்னதில்லை. கேட்டு நின்றவர்களில் ஒருவர்கூடக் கலையவில்லை. முடித்ததும் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவர், "மாப்ளகிட்ட குடுங்க," என்றார்.

அற்புதராஜ் பானெட்டுக்குள் குனிந்து மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். யார் என்று கேட்கவில்லை. என் கத்தல் அவருக்கும் கேட்டிருக்கும். கையை லுங்கியில் ஒருமுறை துடைத்தார், போதவில்லை என்று இன்னொரு முறை துடைத்தார். வாங்கிக் காதில் வைத்தார்.

"ம்," என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். "ம். ம்."

எங்களுக்கு முதுகைக் காட்டிக் கேட் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"ஆமா மச்சான்," என்றார். "இங்க ரெண்டு நாளா மழைதான். அங்க?"